ஒரு பக்க இசைத்தட்டு

டேவிட் கில்மோரைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் 1968க்கு முந்தைய கதை ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜில் பிறந்தார், கிதார் கற்றுக்கொண்டார், ஜோக்கர்ஸ் வைல்ட் என்ற உள்ளூர்க் குழுவில் வாசித்தார், பிறகு பிங்க் ஃபிளாய்டில் சேர்ந்தார். 'பிறகு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஏறக்குறைய நாலு வருஷம் அமுங்கிக் கிடக்கிறது. பதினெட்டு வயதில் தொடங்கி இருபத்தொன்று வரைக்கும். ஒரு மனிதன் எதைச் சாப்பிட்டாலும் செரிக்கிற, யாரோடு பழகினாலும் உயிரைக் கொடுக்கிற வயசு அது. அதை ஒரு வரியில் தாண்டிப் போக மனசு ஒப்பவில்லை.

பிங்க் ஃபிளாய்டை நான் கேட்கத் தொடங்கியது எண்பதுகளில், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில், பக்கத்துக் கட்டில்காரர் வைத்திருந்த கேசட்டில். கில்மோரின் கிதார் ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே வளைத்து, விடாமல் நிறுத்தி வைக்கும் இடங்களில் அறையில் பேச்சு தானாக நின்றுபோகும். ஜோக்கர்ஸ் வைல்டின் பாடல்களை நான் கேட்டதோ சமீபத்தில்தான். இரண்டுக்கும் நடுவே என் வாழ்க்கையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

மொத்தம் ஐந்து பாடல்கள். ஐந்துமே அடுத்தவர் பாட்டு. ஃபோர் சீசன்ஸ் குழுவின் பாடல்கள் இரண்டு, சக் பெர்ரியின் பாடல் ஒன்று, மீதியும் அப்படியே, வேறு யாரோ முன்பே பாடியவை. இப்போதைய காதோடு கேட்கிறவர்கள் கில்மோரின் கிதாரைத் தேடுவார்கள். அது பின்னால் ஒதுங்கி நிற்கிறது. முன்னால் நிற்பவை குரல்கள். உச்சத்துக்குப் போகும் ஒரு குரலைச் சுற்றி மற்றக் குரல்கள் கைகோத்து நிற்கின்றன. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவர் தாங்கிக்கொள்கிறார். பல ராத்திரிகள் சேர்ந்து பாடினால் ஒழிய அந்த இணக்கம் வராது.

லண்டனில் டென்மார்க் தெருவில் ரீஜன்ட் சவுண்ட் என்றொரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த இடம். அங்கே போய்த்தான் இவர்களும் இந்த ஐந்து பாட்டையும் பதிவு செய்தார்கள். தட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் பாட்டு. மறுபக்கத்தில் ஒன்றும் கிடையாது. சுமார் 50 பிரதிகள் அடித்தார்கள். நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுக்க அது போதுமானதாக இருந்தது. அதில் ஒரு பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் அவர்களுக்கு நல்ல பெயர். நடன அரங்குகள், விருந்துகள், ஊரைச் சுற்றியிருந்த அமெரிக்க விமானப்படைத் தளங்கள் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசித்தார்கள். 1965 அக்டோபரில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிரேட் ஷெல்ஃபர்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. மூன்று பேருக்கு வாய்ப்பு. ஒன்று ஜோக்கர்ஸ் வைல்ட். இன்னொன்று சிட் பாரெட்டும் ரோஜர் வாட்டர்ஸும் இருந்த, பிற்பாடு பிங்க் ஃபிளாய்ட் என்று உலகம் அறிந்த குழு. மூன்றாமவர் பால் சைமன் என்ற அமெரிக்க இளைஞர். அந்த ராத்திரி வந்திருந்த விருந்தாளிகளைக் கேட்டிருந்தால், இந்த மூவரில் ஊரறிந்தவர்கள் ஜோக்கர்ஸ் வைல்ட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எது 'ஆரம்பகாலக் குழு', எது 'புகழ்பெற்ற குழு' என்று அன்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெயர்களெல்லாம் பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் வைத்தவை.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் மீது எனக்குள்ள குறை இதுதான். முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை எழுதுகிறார்கள். அதனால் தொடக்கம் முழுக்க ஒரு காத்திருப்பு அறை போல ஆகிவிடுகிறது. வண்டி வரும் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற இடம். அங்கே இருந்தவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. பாடினார்கள், காசை எண்ணினார்கள், காதலித்தார்கள், சண்டை போட்டார்கள். அவர்களுக்கு அது முழு வாழ்க்கை.

1966இல் குழு உருமாறத் தொடங்கியது. சிலர் விலக, புது ஆட்கள் வந்தார்கள். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். குழுவின் பெயரும் இரண்டு முறை மாறியது. கடைசியில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: கில்மோர், பேஸ் கிதார் வாசித்த ரிக் வில்ஸ், டிரம்ஸ் வாசித்த வில்லி வில்சன். அடுத்தவர் பாட்டைப் பாடித்தான் அங்கேயும் சம்பாத்தியம். அது வயிற்றுக்குக் காணவில்லை. அந்த நாட்களில் ஊட்டச்சத்துக் குறைவால் மருத்துவமனையில் சேர நேர்ந்தது என்று கில்மோரே பின்னால் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தவரின் மகன் அவர். வீட்டுக்கு எழுதிப் பணம் கேட்டிருந்தால் கிடைக்காமல் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். 1967இல் மூவரும் இங்கிலாந்து திரும்பியபோது வண்டியில் சொட்டு எரிபொருள் இல்லை. கப்பலிலிருந்து வேனைத் தள்ளிக்கொண்டே கரையேறினார்கள்.

இந்தக் காட்சியைப் படித்ததிலிருந்து அது என்னை விடவில்லை. மூன்று இளைஞர்கள், பட்டினியில் இளைத்த உடம்போடு, டிரம்ஸும் ஒலிபெருக்கியும் ஏற்றிய வேனை முதுகு கொடுத்துத் தள்ளுகிறார்கள். யார் எந்தப் பக்கம் நின்று தள்ளினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்த மூன்று பேருக்குத் தெரியும்.

அதே வருஷம் மே மாதம் இன்னொன்று நடந்தது. கருவிகள் வாங்க கில்மோர் சில நாள் லண்டன் வந்திருந்தார். பிங்க் ஃபிளாய்ட் ஒரு பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்த கூடத்துக்குப் போனார். அங்கே சிட் பாரெட் இருந்தார். ஒரே கல்லூரி, மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் உட்கார்ந்து கிதார் பழகியவர்கள், 1965 கோடையில் பிரான்சில் தெருவில் சேர்ந்து பாடி, செயின்ட் ட்ரோப்பேயில் போலீஸில் சேர்ந்தே மாட்டியவர்கள். அந்த பாரெட்டுக்கு அன்று கில்மோரை அடையாளம் தெரிந்ததாகவே தெரியவில்லை. மனம் நோயில் விழத் தொடங்கியிருந்த நேரம் அது.

ஊர் திரும்பிய கில்மோர் ஓர் ஆடை வடிவமைப்பு நிறுவனத்துக்கு வேன் ஓட்டினார். டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசன் அவரை அணுகினார். 1968 ஜனவரியில் சேர்ந்தார். கொஞ்ச நாள் ஐந்து பேராக மேடையேறினார்கள். ஜனவரி 26 அன்று சவுத்தாம்ப்டனுக்குக் கிளம்பிய வண்டி பாரெட்டின் வீட்டுக்குப் போகவில்லை. அவரைக் கூப்பிடாமலே போய்விட்டார்கள். கில்மோருக்குக் கிடைத்த இடம் அவருடைய நண்பனின் இடம். ஆரம்ப நாட்களில் அவர் மேடையில் பாடியதும் வாசித்ததும் அந்த நண்பனின் பாட்டுகளையே.

அடுத்தவர் பாட்டை நாலு வருஷம் பாடிய பழக்கம் அங்கே கைகொடுத்தது என்று சொல்லலாம். பலரும் அப்படிச் சொல்லித்தான் ஆறுதல் அடைகிறோம்: 'எதுவும் வீண் போகாது, எல்லாம் ஒருநாள் உதவும்.' எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. உதவியதால்தான் அந்த வருஷங்களுக்கு மதிப்பு என்றால், டிசம்பரில் மேசன் வராமல் இருந்திருந்தால் அவை வீணா? கில்மோர் வேன் ஓட்டிக்கொண்டே வயசாகியிருந்தால், ஷெல்ஃபர்ட் விருந்தில் அவர்கள் பாடிய பாட்டு பாட்டில்லை என்று ஆகிவிடுமா? அவரோடு நின்று அந்த ஐந்து பாடல்களைப் பாடிய மற்றவர்களுக்கு எந்தப் பெரிய குழுவும் கதவு திறக்கவில்லை. அந்தத் தட்டில் அவர்கள் குரல் கில்மோரின் குரலுக்கு ஒரு இழையும் குறைவாக இல்லை. கேட்டால் தெரியும்.

கில்மோர் இதை உணர்ந்திருந்தார் என்று நான் நம்புவதற்குக் காரணம், பின்னால் அவர் செய்தவை. பேச்சில் சொன்னதை விட, யாரைக் கூப்பிட்டார் என்பதைப் பார்க்கிறேன். பாரெட் தனியாக ஆல்பம் செய்யத் திணறியபோது, இரண்டு ஆல்பங்களிலும் தயாரிப்பாளராகக் கூட நின்றார். முதல் ஆல்பத்தில் வில்லி வில்சனும் வாசித்திருக்கிறார். 1970 ஜூனில் ஒலிம்பியா அரங்கில் பாரெட் சில நிமிடங்களே மேடையில் நின்ற அந்த நிகழ்ச்சியில் பக்கத்தில் பேஸ் கிதாரோடு நின்றவர் கில்மோர். 2006இல் பாரெட் இறக்கும் வரை அவருக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகை ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கவனித்துக்கொண்டார்.

1978இல் கில்மோர் தன் பெயரிலேயே முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதற்குள் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உலகத்தில் எந்த வாசிப்பாளரைக் கேட்டாலும் ஓடி வந்திருப்பார். அவர் கூப்பிட்டது ரிக் வில்ஸையும் வில்லி வில்சனையும். வேன் தள்ளிய அதே மூன்று பேர் பதினோரு வருஷம் கழித்துத் திரும்ப பிரான்சுக்கே போய், தெற்கே மலைப்பக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த அமர்வுகளின் கடைசியில் கில்மோர் ஒரு மெட்டைப் பதிவு செய்து வைத்தார். ஆல்பத்தில் அதற்கு இடமில்லை. அடுத்த வருஷம் அது 'தி வால்' ஆல்பத்துக்குப் போய் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' ஆனது. மேன்ஷன் அறையில் எங்கள் பேச்சை நிறுத்தியது அந்தப் பாட்டுதான். அது பழைய கூட்டாளிகளின் பக்கத்தில் இருந்தபோது பிறந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை. 1980இல் 'தி வால்' மேடையேறியபோது அங்கே டிரம்ஸ் வாசித்தவர்களில் வில்சனும் ஒருவர். வில்ஸ் ஃபாரினர் குழுவில் சேர்ந்து தனியே பெயர் பெற்றார்.

இதை எழுத உட்கார்ந்தபோது என் கணக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று.

சென்னையில் பெரிய பத்திரிகையில் சேருமுன், கோவில்பட்டிப் பக்கம் ஒரு மாதமிருமுறை இதழில் இரண்டரை வருஷம் வேலை பார்த்தேன். ஈய எழுத்து, ட்ரெடில் மெஷின், மை வாடை. அங்கே புரூஃப் பார்த்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். சிவப்பு மை பெருவிரல் நகத்தில் எப்போதும் இருக்கும். நான் எழுதிய முதல் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. மூச்சு எங்க நிக்குதோ அங்க ஒரு புள்ளிய வச்சிருங்க" என்றார். நாற்பது வருஷமாக நான் செய்துவருவது அதுதான். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் புள்ளி வைத்திருக்கிறேன்.

பேட்டிகளில், விழா மேடைகளில், புத்தகத்தின் பின்னட்டையில் என் எழுத்து வாழ்க்கை சென்னையில் தொடங்கியதாகவே சொல்லி வந்திருக்கிறேன். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்த இதழ் நின்றுபோய்விட்டது, யாருக்கும் பெயர் தெரியாது, எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அண்ணாச்சியோடு ஒரே டீயைப் பாதியாக ஊற்றிக் குடித்த இரண்டரை வருஷத்தை நானே ஒரு 'பிறகு' போட்டுத் தாண்டியிருக்கிறேன். அது தப்பு.

அடுத்த பதிப்பில் பின்னட்டைக் குறிப்பை மாற்றச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். இதழின் பெயரும் ஊரின் பெயரும் அதில் வரும். பழைய அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் மூலம் விசாரித்தேன். அண்ணாச்சி இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டது, சாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னார்கள். மகனுடைய எண் கிடைத்துவிட்டது. காலையில் ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் பேசுவாராம்.