கோட்டையின் அழகும் கூலியாளரின் கணக்கும்

பல்லாண்டு கனவு கண்டு, சிறுகச் சிறுகப் பணஞ் சேர்த்து, கடல் கடந்து சென்று ஒரு பழங்கோட்டையின் முன் நிற்பவருக்கு முதலில் உண்டாவது மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சியைப் பழித்தல் தகாது. அந்நியராட்சிக் காலத்துப் பாடசாலைகளில் இங்கிலாந்து மன்னரின் வரலாற்றை மனனஞ் செய்து வளர்ந்த நம்மவர் பலருக்கு அக்கோட்டைகளைக் காணும் ஆசை இருந்ததில் வியப்பில்லை. எனினும், வட வேல்ஸிலுள்ள கோட்டைகளைக் காணச் செல்பவர் ஒரு வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது. ஒரு மக்கட் கூட்டத்தை அடக்குவதற்கென்றே எழுப்பப்பட்ட கட்டடத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுப்பது நேர்மையாகுமா?

முதலாம் எட்வேட் மன்னன் 1277இலும் 1282-83இலும் வேல்ஸின் மீது படை நடத்தினான். 1282 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசன் லுவெலின் கொல்லப்பட்டான். மறு ஆண்டிலேயே கொன்வி, கார்னாவன், ஹார்லெக் ஆகிய கோட்டைகளின் வேலை தொடங்கிற்று. 1295இல் பியூமாரிஸ் தொடங்கிற்று. கொன்வியில் லுவெலினின் பாட்டன் அடக்கஞ் செய்யப்பட்டிருந்த துறவிமடத்தை வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டே மதில் எழுப்பினர். பியூமாரிஸின் பொருட்டு லான்வாஸ் என்னும் செழிப்பான ஊரின் வேல்ஸ் குடிகள் அதே தீவின் வேறொரு கோடிக்கு அகற்றப்பட்டனர். மதில் சூழ்ந்த நகரங்களில் ஆங்கிலேயர் குடியேற்றப்பட்டனர். கார்னாவன் கோட்டைச் சுவரில் நிறம் மாறி மாறி வரும் கல்வரிசைகள் காண்போர் கண்ணைக் கவர்வன. அவை கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்து மதிலின் சாயலில் அமைந்தவை எனக் கருதும் அறிஞர் உளர். அக்கருத்து சரியாயின், அங்கே அழகும் ஓர் ஆயுதமே. தோற்றவன் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கவேண்டிய பேரரசின் கோலம் அது.

இவ்விடத்தில் நம்மனோர்க்கு ஒரு விடை ஆயத்தமாக உண்டு. கோட்டையைக் கட்டியவன் அரசன் அல்லன், உழைப்பாளி. ஆகவே நாம் வியப்பது உழைப்பாளியின் கைத்திறனையே என்போம். இவ்விடைக்குச் சான்றும் நிறைய உண்டு. 1277இல் பிளின்ற் கோட்டையின் அகழி வேலைக்கு நடத்திச் செல்லப்பட்ட மண்வெட்டுவோர் முந்நூறு பேர் வழியில் ஓடிவிடாதவாறு குதிரைச் சேவகர் மூவர் காவல் சென்றனர். அக்காவலருக்கு அளித்த கூலி அரச கணக்கேட்டில் பதிவாகியிருக்கிறது. 1296 பெப்ரவரியில் பியூமாரிஸிலிருந்து கட்டடத் தலைவர் ஜேம்ஸ் என்பவரும் அவரது துணைவரும் அரச திறைசேரிக்கு எழுதிய கடிதமும் எஞ்சியுள்ளது. கற்றச்சர் 400 பேர், பயிற்சி குறைந்த வேலையாட்கள் 2,000 பேர், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லர் 30 பேர் என அது கணக்குக் கூறுகிறது. கூலி நெடுநாளாக நிலுவையில் நிற்கிறது, உண்ண வழியில்லாத இவர்களை வேலையில் வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்றும் அது முறையிடுகிறது. அரண்மனைப் புலவர் எவரும் பாடாத செய்தியை ஒரு பணக் கோரிக்கை காத்து வைத்திருக்கிறது!

ஆயினும், அந்த விடை நம்மை எளிதில் விடுவித்துவிடுகிறது என்பதே என் ஐயம். பசித்த அந்தக் கற்றச்சன் செதுக்கியது மற்றொரு பசித்தவனுக்கான விலங்கு. லான்வாஸிலிருந்து துரத்தப்பட்ட குடியானவனிடம், மதிலின் மேல் நின்று கல் அடுக்குபவனும் உன்னைப் போன்ற ஏழையே என்று நாம் கூறியிருந்தால், அவன் அதனை ஆறுதலாகக் கொண்டிருப்பானா? ஒடுக்கப்பட்டவனின் கையே ஒடுக்குமுறையின் கருவியாதல் வரலாற்றில் அரிய நிகழ்ச்சியன்று. உழைப்பைப் போற்றும் ஆர்வத்தில் அவ்வுழைப்பு எதற்குப் பயன்பட்டது என்பதை நாம் மறைத்துவிடலாகாது.

அதற்காக எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலும் முறையன்று. மறுத்துக் கூறும் ஆற்றல் எவனிடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே அவன் பொறுப்பும் ஆகும். ஓடாதபடி குதிரைவீரர் காவலில் நடந்தவன் வேறு. சாதாரணக் கூலியாள் நாளொன்றுக்கு இரண்டு மூன்று பென்ஸ் பெற்ற காலத்தில், வாழ்நாள் முழுவதும் நாளுக்கு மூன்று ஷில்லிங் பெறும் உரிமையை 1284இல் அடைந்து, பின்னர் ஹார்லெக் கோட்டையின் அதிகாரியாகவும் அமர்ந்த ஜேம்ஸ் வேறு. அவர் அறிவின் கூர்மையை மறுப்பாரில்லை. பியூமாரிஸின் சமச்சீரான அமைப்பை வியவாதவன் கண்ணற்றவனே. ஆனால் அவ்வியப்போடு கணக்கேட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்பொழுது, நாம் காணும் கோட்டையே வேறாகிவிடுகிறது.

வேல்ஸ் மக்களும் இக்கோட்டைகளை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களல்லர். 1401இல் பெரிய வெள்ளியன்று, காவற்படையினர் தேவாலயத்தில் இருந்த வேளையில், ஓவைன் கிளின்டூரின் கிளர்ச்சிக்காரர் கொன்விக் கோட்டையைக் கைப்பற்றினர். தச்சுவேலைக்கு வந்தவன் போல் நடித்தே ஒருவன் வாயிலைக் கடந்தான் என்பது கதை. தொழிலாளி கோலத்தை வாயிற்காவலன் ஐயுறவில்லை போலும்!

1986இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நான்கு கோட்டைகளையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபொழுது, எட்வேட் மன்னனின் கோட்டைகள் என்றே பெயரிட்டது. 2017இல் பிளின்ற் கோட்டையருகே பெரிய இரும்பு வளையமொன்றைச் சிற்பமாக நிறுவத் திட்டமிட்டனர். எட்வேட்டின் கோட்டைத் தொடருக்கு ‘இரும்பு வளையம்’ என்ற பெயர் வழக்கிலிருந்தமையால், இது தம்மை வென்றவனைக் கொண்டாடுவது என மக்கள் கொதித்தெழுந்தனர். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர். வேல்ஸ் அரசு திட்டத்தைக் கைவிட்டது. வளையம் எழவில்லை, முந்நூறு பேர் காவலோடு வந்து தோண்டிய அகழியை இன்றும் அங்கே காணலாம்.