அடைக்கோழிக்குப் பட்ட கடன்

யூத வேதமும் கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடும் பொதுவாகக் கொண்ட உபாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில், பறவைக் கூட்டைப் பற்றி ஒரு கட்டளை வருகிறது. வழியில் கூடு ஒன்று எதிர்ப்பட்டு, முட்டைமீதோ குஞ்சுமீதோ தாய் உட்கார்ந்திருந்தால், தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. தாயைப் போகவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, ஹுல்லின் என்ற பகுதியில் இந்தக் கட்டளைக்கு எல்லை வகுக்கிறது: தோட்டத்தில் போய்க் கூடு வைத்த கோழிக்கு இது உண்டு, வீட்டுக்குள் கூடு வைத்த கோழிக்கு இல்லை. வேத வாசகம் தற்செயலாக எதிர்ப்படும் கூட்டைப் பற்றியது. வீட்டுக் கோழியோ எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது. வாசகத்துக்குப் பொருள் சொல்லும் முறையில் இதில் குறை காண முடியாது. ஆனால் அறத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. ஓர் உயிர் நம் கைக்குள் இருப்பதால் அதற்கு நாம் செய்ய வேண்டியது குறைகிறதா, கூடுகிறதா? கூடுகிறது என்பதே என் முடிவு. கொல்லைப்புறத்து அடைக்கோழியை வைத்து அதை நிறுவ முடியும்.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு வரும். கூட்டைவிட்டு எழாது, கிட்டே போனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கையைக் கொத்தும். அடியில் இருப்பது கூமுட்டையா, வெறும் வைக்கோலா என்ற கணக்கெல்லாம் அதற்கு இல்லை. அடையில் இருக்கும்வரை முட்டை நின்றுவிடுவதால், குஞ்சு வேண்டாத வீட்டில் அடையைக் கலைக்கப் பார்ப்பார்கள். தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்குத் துளையில் இறகைச் செருகுவது, தீனி போடாமல் கூடையில் கவிழ்த்துவைப்பது என்று இதற்குப் பழைய வழிகள் பல. கோழிக்குப் பிடித்த கிறுக்கைத் தெளியவைப்பதாகத்தான் செய்கிறவர்கள் இவற்றை நினைக்கிறார்கள். கொடுமை செய்வதாக நினைப்பதில்லை. அது கிறுக்குதானா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடைகாக்கும் கோழியின் உடம்பு ஓர் ஒழுங்கில் மாறுகிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து, தோலின் சூடு நேராக முட்டையில் படுகிறது. நாளில் ஒரு முறை போல எழுந்து, இரை எடுத்து, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்புகிறது. காட்டுக்கோழிகளை ஆராய்ந்தவர்கள், கூட்டுக்குப் பக்கத்திலேயே தீனி வைத்தாலும் அவை குறைவாகவே தின்று எடை இழப்பதைக் கண்டார்கள். உடம்பே தன் தேவையைக் குறைத்துக்கொண்டு அந்தக் காலத்தைக் கடக்கிறது. அந்தக் காலம் 21 நாள். குஞ்சு பொரிந்து சத்தம் கேட்டதும் கோழி எழுந்துவிடுகிறது. அடை முடிந்து, குஞ்சுகளை மேய்க்கும் காலம் தொடங்குகிறது. ஆக, அடை என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலை. முடிவைக் கொண்டுவருவது குஞ்சு. சேவல் இல்லாத வீட்டில், அல்லது முட்டையைத் தினமும் எடுத்துவிடும் வீட்டில், அந்த முடிவு வருவதே இல்லை. 21 நாள் தாண்டியும் கோழி உட்கார்ந்தே இருக்கலாம். எடை மேலும் இறங்கும், கோழிப்பேன் ஏறும். கிறுக்கு என்று நாம் சொல்வது, முடிவு பறிக்கப்பட்ட ஒரு வேலை.

பறித்தவர் யார் என்று கேட்டால், பதில் வளர்ப்பவரிடமே வந்து நிற்கிறது. சேவலை வைப்பதும் விலக்குவதும் அவர், முட்டையை எடுப்பவர் அவர், கோழி எங்கே முட்டையிட வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவர். காட்டில் கூட்டைக் கண்ட வழிப்போக்கருக்கு இவற்றில் ஒன்றிலும் பங்கில்லை. அவரிடம் கேட்கக்கூடியது ஒரு கணத்து இரக்கம். உடையவரிடம் கேட்க வேண்டியது பொறுப்பு. யூத மரபே வேறோர் இடத்தில் இதை ஒப்புகிறது: தன் வீட்டு விலங்குகளுக்குத் தீனி வைக்காமல் ஒருவர் தான் உண்ணக் கூடாது என்கிறது தல்மூத். அந்த விதிக்கு அடிப்படையே உடைமைதான். பசிக்குப் பொருந்தும் இந்த நியாயம் அடைக்கும் பொருந்தும். வளர்ப்பவர் பட்ட கடன், தான் தடுத்த முடிவைத் தானே ஏதாவதொரு வழியில் கொடுப்பது.

இது வெறும் சுரப்பி வேலை, இதில் அறத்துக்கு என்ன இடம் என்று ஒருவர் கேட்கலாம். சுரப்பி வேலை என்பது உண்மைதான். புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் செலுத்தினால் முட்டையிடும் கோழிகள் அடைக்கு வருவதை 1935-லேயே ரிடில், பேட்ஸ், லார் ஆகியோர் காட்டிவிட்டார்கள். அதே புரோலாக்டின்தான் மனிதத் தாய்க்கும் பால் சுரக்கவைக்கிறது. அதனால் தாயின் பரிவு பொய்யாகிவிடுவதில்லை. ஓர் உணர்வு எதனால் உண்டாகிறது என்று சொல்லிவிட்டால், அந்த உணர்வு இல்லை என்று ஆகிவிடாது. 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடஸ், கூட்டைப் பற்றிய கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது இதைத் தொட்டிருக்கிறார்: பிள்ளைமேல் தாய் கொள்ளும் பாசம் பகுத்தறிவிலிருந்து வருவதில்லை, அதனால் அது மனிதருக்கும் விலங்குக்கும் பொது. 13-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் நாக்மனிடஸ் இதை ஏற்கவில்லை; கட்டளை பறவைக்காக வந்ததல்ல, மனிதர் கொடுமைக்குப் பழகிவிடாமல் இருக்க வந்தது என்றார். இருவரில் யார் சொல்வதை எடுத்துக்கொண்டாலும் மூக்கில் இறகு செருகும் கைக்கு அனுமதி கிடைக்காது.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. நாளைக்கே குழம்பில் போடப்போகும் கோழியின் அடையைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தை ஏற்பவரோ, வள்ளலாரின் வழி நிற்பவரோ, முதலில் கொல்வதை நிறுத்து என்பார்கள். அந்தக் கேள்வி பெரியது, அதற்கு இந்தக் கட்டுரையில் தீர்ப்பு இல்லை. ஆனால் பெரிய கேள்வி தீராததால் சிறிய கடமை ரத்தாகிவிடாது. கடைசி நாள் எப்படி முடிந்தாலும், அதற்கு முந்தைய நாட்கள் அந்தக் கோழிக்குச் சொந்தமானவை. முட்டை நின்றால் வருமானம் போகும் என்று வறுமையைக் காட்டும் வாதமும் உண்டு; அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு கோழி வைத்து முட்டை விற்கும் வீட்டுக்கு மூன்று வார முட்டை பெரிய தொகை. கலைக்கக் கூடாது என்று அந்த வீட்டுக்கு யாரும் கட்டளையிட முடியாது. எப்படிக் கலைப்பது என்பதில் மட்டுமே அறம் தலையிடுகிறது.

தலையிட்டுச் சொல்வதும் செலவுள்ள காரியமல்ல. முட்டையைத் தினமும் எடுத்து, கூட்டில் குவியவிடாமல் பார்த்துக்கொண்டால் அடைக்கு வருவது குறையும். அடைக்கு வந்துவிட்டால், பக்கத்து வீட்டிலிருந்து கருக்கூடிய முட்டை வாங்கி வைக்கலாம்; அல்லது இருட்டிய பிறகு ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை மெல்ல அடியில் விடலாம், பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். இரண்டும் முடியாதபோது, அடியில் காற்றோடும் கம்பித்தளக் கூண்டில், கூட்டுப்பொருள் எதுவும் போடாமல், வெளிச்சத்தில், தீனியும் தண்ணீரும் குறையாமல் சில நாள் வைத்தால் பெரும்பாலான கோழிகளுக்கு அடை கலைந்துவிடும். கோழிக்கு இது பிடிக்காது என்பது உண்மை. ஆனால் முடிவில்லாத அடையில் உடம்பு கரைவதைவிட இது குறைந்த துன்பம். தண்டனையாக எதையும் சேர்க்காமல், முடிவை மட்டும் இது கொடுக்கிறது. விட்டுவிடு, தானாக எழுந்திருக்கும் என்பதும் கருணை போலத் தோன்றும்; குஞ்சு வர வழியில்லை என்று தெரிந்தவர் அப்படி விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

அடைக்கே வராத இனத்தை வளர்த்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்ற பதிலும் உண்டு. வெள்ளை லெகார்ன் வழிவந்த பண்ணைக் கோழிகளில் அந்த இயல்பைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விலக்கி, ஆண்டுக்கு 300 முட்டைவரை வாங்குகிறார்கள். இல்லாத விருப்பத்துக்குக் கடன் இல்லைதான். ஆனால் அந்தக் கோழி முட்டையிடுமுன் ஒதுக்கிடம் தேடும் இயல்பை இழக்கவில்லை. கம்பிக்கூண்டில் அந்த நேரத்தில் அது நிலைகொள்ளாமல் அலைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெற்றுக் கம்பிக்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடைசெய்ததற்குப் பின்னால் இத்தகைய சான்றுகளும் இருந்தன. ஓர் உயிரின் இயல்பையே திருத்தி எழுதும் அளவுக்கு அதைக் கைக்குள் வைத்திருப்பவர், மிஞ்சிய இயல்புகளுக்கு இன்னும் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டியவர். இந்தக் கணக்கில் கொல்லையில் நான்கு கோழி வைத்திருப்பவரின் கடன் சிறியது, பண்ணைக்காரரின் கடன் பெரியது. மலிவான முட்டையைக் கேட்டு வாங்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.