காட்டுதலும் காணுதலும்: இளையோரின் முதல் மலை யாத்திரை பற்றிய ஒரு சைவச் சிந்தனை

முன்பின் அறியாத கடினமான ஓர் இடத்துக்கு இளையோரை முதன்முறையாக அழைத்துச் செல்லும் பெரியவர், அந்தக் கடினத்தில் எவ்வளவைத் தாமே நீக்கித் தர வேண்டும், எவ்வளவை அவர்களுக்கே விட்டுவைக்க வேண்டும் என்ற வினா, பயண ஏற்பாட்டைச் சார்ந்த சிறிய வினாவாகவே முதலில் தோன்றும். ஆயினும் உயிர் தன் முயற்சியால் உயர்கிறதா, திருவருளால் உயர்த்தப்படுகிறதா என்று தமிழ்ச் சமய மரபு பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துவந்த வினாவின் வேர் இதற்குள்ளும் இருக்கிறது. பதுளை, பசறை, மடுல்சீமை, தெமோதரை, ஹப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களிலிருந்து பதின்ம வயதுப் பிள்ளைகளைச் சிவனொளிபாத மலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் கோயில் தொண்டர்களும் ஆசிரியர்களும், நூல்களில் படித்திராவிட்டாலும், ஒவ்வொரு பருவத்திலும் இந்த வினாவுக்குத் தம் செயலால் ஒரு விடை கூறிக்கொண்டே இருக்கின்றனர். அந்த விடை எதுவாக அமைய வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வைணவ ஆசாரியர்களிடையே இவ்வினா இரு நியாயங்களாக வளர்ந்தது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிரும் தன் பங்குக்கு முயல வேண்டும் என்பது வடகலையார் கொண்ட மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே உயிரைத் தாங்கிச் செல்கிறான் என்பது தென்கலையார் கொண்ட மார்ச்சார நியாயம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய, பன்னிரண்டே சூத்திரங்களாலான சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம் இதனை வேறொரு வகையில் அணுகுகிறது. இறைவன் உயிருக்கு இரண்டு வகையில் உதவுகிறான் என்பது அதன் கொள்கை. பொருளை உயிரின் முன் விளங்க வைப்பது காட்டும் உபகாரம் எனப்படும். விளங்கிய பொருளை உயிர் அறியும்போது அவ்வுயிரோடு உடனிருந்து தானும் அறிந்து அறிவிப்பது காணும் உபகாரம் எனப்படும். கதிரவன் பொருளை ஒளியில் வைப்பது மட்டும் போதாது, அந்த ஒளி கண்ணொளியோடு கலந்து நின்றால்தான் காட்சி நிகழும் என்று சித்தாந்த ஆசிரியர்கள் இதனை விளக்குவர்.

இவ்விரண்டனுள் மனிதராகிய வழிகாட்டிக்கு உரியது எது என்பதைத் தெளிந்துகொண்டால் முதல் வினாவின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இறைவனே குருவாக எழுந்தருளி உணர்த்துவான் என்று சித்தாந்தம் கூறும் ஞானகுருவின் நிலை, இளையோர் குழுவை மலைக்கு அழைத்துச் செல்லும் பெரியவருக்கு உரியதன்று. காட்டும் உபகாரத்தில் அவருக்குச் சிறிய, ஆனால் மெய்யான ஒரு பங்கு உண்டு. காணும் உபகாரத்தில் அவருக்குப் பங்கே இல்லை. ஆகவே காட்டுதலைச் சார்ந்த எதிலும் அவர் குறைவைத்தல் கடமை தவறுதலாகும்; காணுதலைச் சார்ந்த எதிலும் அவர் தலையிடுதல் எல்லை மீறுதலாகும்.

காட்டுதல் என்பது இம்மலையைப் பொறுத்தவரை என்ன என்று முதலில் பார்க்கலாம். 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சிப் பாறையில் காணப்படும் பாதச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையதாகவும், பௌத்தர் புத்தர்பெருமானுடையதாகவும், இஸ்லாமியர் ஆதாமுடையதாகவும் போற்றுகின்றனர். கிறிஸ்தவருள் ஒரு சாரார் அதனைப் புனித தோமையாருடன் தொடர்புபடுத்துவர். டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கும் யாத்திரைப் பருவம் மே மாத வெசாக் போயா வரை நீடிக்கும். இரத்தினபுரி வழி நீண்டது; மஸ்கெலியாவைக் கடந்து நல்லதண்ணியில் தொடங்கும் வழி குறுகியது, மலையகத் தமிழருக்குப் பழக்கமானதும் அதுவே. குறுகியது என்பதால் எளியது என்று கொள்ளலாகாது. நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை, ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை என்று சொல்லப்படும் படிகளின் வழியே, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியுமுன் ஏறி முடிக்க வேண்டும். அப்படிகளின் உயரம் ஒரே சீரானதன்று. உச்சியை நெருங்கும் இறுதிப் பகுதியில் இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே காலை எடுத்துவைக்க வேண்டிய செங்குத்தான இடங்கள் உண்டு.

ஊவாவிலிருந்து புறப்படுவோருக்குப் பயணம் மலையடிவாரத்துக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. 1924ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்த இருப்புப்பாதை, பண்டாரவளையையும் ஹப்புத்தளையையும் கடந்து, பட்டிப்பொளைக்கு அருகே 1,898 மீட்டர் வரை ஏறி, நானுஓயா வழியாக ஹட்டனை அடைகிறது. அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியாவுக்கும் நல்லதண்ணிக்கும் செல்ல வேண்டும். ஒரு பகல் முழுவதும் பயணத்தில் கழிந்த பிள்ளைகளை அன்றிரவே படியேற விடுவது, களைப்பை முதலீடாக வைத்துத் தொடங்குவதற்கு ஒப்பாகும். மாலையில் சென்றடைந்து, சூடாக உண்டு, சில மணித்தியாலமாவது உறங்கி எழுவதற்கு இடம் ஒதுக்குவதே முறை. காலத்தைத் தெரிவு செய்வதும் அவ்வாறே. வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழை கொண்டுவரும் டிசம்பரில் புறப்படும் இடமே நனைந்துகிடக்கும்; பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் பெரிதும் தெளிந்திருக்கும். போயா நாள்களிலும் வார இறுதிகளிலும் கூட்டம் நெருக்கி, குளிர்காற்றில் ஒரே படியில் நெடுநேரம் நிற்க நேரிடுமாதலால், முதன்முறை வருவோருக்கு வாரநாளே உகந்தது. புண்ணிய நாளை விட்டு வேறு நாளைத் தெரிவு செய்வது பக்திக்குக் குறைவு என்று சிலர் கருதலாம். ஆயினும் பிள்ளையின் உடல்நிலையை எண்ணி நாள் குறிப்பதும் வழிபாட்டின் ஒரு கூறே. உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்ட திருமூலரின் மரபில் வந்தோர் இதனை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலை புதிதன்று, ஆகவே அவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. காலையில் பெரட்டு முடிந்து கூடையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாயின் உடல் சரிவை அறியும் என்பது மெய்தான். அத்தாய் பெரும்பாடுபட்டுப் பதுளையிலோ பண்டாரவளையிலோ உள்ள பாடசாலைக்கு அனுப்பும் மகனின் உடலும் மகளின் உடலும் அதே அறிவைப் பிறப்பிலேயே பெற்றுவிடுவதில்லை. மேலும் ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கமோ முழங்காலைச் சோதிக்கும். உச்சியைக் கண்டுவிட்ட உற்சாகத்தில் இளையோர் படிகளில் தாவி இறங்கும்போதே கால் பிசகுதலும் சறுக்குதலும் நிகழ்கின்றன. எனவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, தத்தம் தோட்டத்துப் படிக்கட்டுகளிலும் குறுக்குப் பாதைகளிலும் ஏறுவதோடு இறங்குவதையும் பழக்குவது, அடிப்பாகம் வழுக்காத, ஏற்கெனவே அணிந்து பழகிய சப்பாத்தைத் தெரிவு செய்வது, வியர்வையில் நனைந்த உடுப்பை உச்சியில் மாற்றிக்கொள்ள உலர்ந்த உடுப்பும் கம்பளிச் சட்டையும் எடுத்துச் செல்வது ஆகிய யாவும் காட்டும் உபகாரத்தின் பகுதிகளே.

முதன்முறை வருவோரை நம் நாட்டு யாத்திரை மரபுகள் எவ்வளவு மேலாக மதித்தன என்பது இங்கே நினைக்கத்தக்கது. சிங்கள யாத்திரிகர் முதல்முறை ஏறுபவரைக் கோடுகாரயா என்றும், குழுவை நடத்திச் செல்லும் அனுபவசாலியை நடே குரா என்றும் அழைப்பர். புத்தர்பெருமான் தம் சீவர ஆடையைத் தைத்ததாக ஐதிகம் கூறும் இடத்தில் ஊசியும் நூலும் காணிக்கையாக இடப்படுகின்றன. அங்கிருந்து பிரித்து விடப்பட்ட வெண்ணூல் பாதையோரப் புதர்களிலும் கைப்பிடிகளிலும் ஓடிக்கிடப்பதைப் பின்வருவோர் காணலாம். மேலே செல்லும் பிள்ளை தனக்கு முன் எத்தனையோ பேர் முதன்முறையாக இதே இடத்தில் நின்றிருக்கின்றனர் என்பதை யாரும் சொல்லாமலே அந்த நூலால் உணர்கிறது. மலையகத்தில் மாலையணிந்து சபரிமலை செல்வோரிடமும் இதற்கிணையான மரபு உண்டு. முதலாண்டு செல்பவர் கன்னிச்சாமி. அவரை நடத்துபவர் குருசாமி. கன்னிச்சாமி ஒருவரும் வராத ஆண்டில்தான் தம்மை மணப்பதாக ஐயப்பன் சொன்ன சொல்லுக்காக மாளிகைப்புறத்தம்மன் காத்திருக்கிறாள் என்ற ஐதிகத்தில், புதிதாக வரும் ஓர் எளிய அடியவரின் வருகை தெய்வத்தின் வாழ்வையே தீர்மானிக்கும் அளவுக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. இம்மரபுகளிலிருந்து பெறப்படும் நெறி தெளிவானது: குழுவின் வேகம் முதன்முறை வருபவரின் வேகமாக இருக்க வேண்டும், பலமுறை சென்றவர் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

பனிமலைகளில் இளையோருக்குச் சறுக்கு விளையாட்டைக் கற்பிப்போரும் இதே நெறியை வேறு வழியில் கண்டடைந்துள்ளனர். காஷ்மீரத்துக் குல்மார்க்கிலோ உத்தரகாண்டத்து ஔலியிலோ முதன்முறை சறுக்கப் பழகுபவரை எவரும் நேரே உச்சிக்கு அழைத்துச் செல்வதில்லை. சற்றே சாய்ந்த நிலத்தில் நிறுத்தி, விரைந்து செல்வதற்கு முன் நிற்கவும், விழுந்தால் எழவும் பழக்குகின்றனர். நிற்கத் தெரிந்தவருக்கே சரிவு அச்சம் தராது. சிவனொளிபாத மலைக்கு ஏறும் பிள்ளைக்கும் முதலில் சொல்லப்பட வேண்டியது, வேண்டிய இடத்தில் நிற்கலாம், வேண்டுமானால் திரும்பலாம் என்பதே.

திரும்பும் உரிமை பற்றிய இப்பகுதியே ஏற்பாடுகள் அனைத்திலும் கடினமானது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வலியைவிடத் தோழர் முன் வெட்கப்படுவதற்கே அதிகம் அஞ்சுவர்; நெஞ்சு படபடத்தாலும் கால் நடுங்கினாலும் ஒன்றுமில்லை என்றே சொல்வர். ஆகவே வழியில் எவரேனும் நிற்க நேர்ந்தால் அவரோடு எந்தப் பெரியவர் தங்குவார், பாதையோரத் தேநீர்க் கடைகளுள் எங்கே காத்திருப்பார், எந்த நேரத்துக்குமேல் உச்சிக்கு முயலாமல் இறங்கத் தொடங்குவது என்பவை புறப்படுமுன்னரே எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்யப்பட வேண்டும். முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட திரும்புதல் தோல்வியாகத் தோன்றாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். சுவாமி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய எச்சரிக்கைகள் முரணானவை என்பது முதலாவது. ஊவாவின் மக்கள் மலையின் இரு முகங்களையும் அறிந்தவர்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டபோது மாண்டவர்கள் பக்தியில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அபாயம் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்ட இடத்தில் மக்கள் தொடர்ந்து வாழ நேர்ந்ததற்குத் திருவருளைக் காரணம் கூறுதல் அருளையும் இழிவுபடுத்தும், மாண்டவரையும் இழிவுபடுத்தும். மனிதர் செய்யக் கடமைப்பட்டதைச் செய்யாமல் விட்டுவிட்டு, விளைவை மட்டும் இறைவன் மேல் ஏற்றுவது நம்பிக்கையாகாது. வருத்தமே தவம், அதை நீக்கினால் யாத்திரையின் பயனும் நீங்கும் என்பது இரண்டாவது மறுப்பு. நோன்பு என்பது அதை ஏற்பவர் தாமே அறிந்து மேற்கொள்வது. வெறுங்காலோடு ஏறுவேன் என்று நேர்ந்துகொண்ட பெரியவரின் தவம் அவருடையது. அவர் தெரிவு செய்த துன்பத்தைப் பிள்ளையின் மேல் சுமத்தும்போது பிள்ளைக்குத் தவம் வாய்ப்பதில்லை, சுமத்தியவருக்கும் வாய்ப்பதில்லை. மேலும், தவிர்க்கத்தக்க இடர் அனைத்தும் நீங்கிய பின்னும் இம்மலையில் தவிர்க்க இயலாத கடினம் போதிய அளவு எஞ்சியிருக்கும். ஒவ்வொரு படியையும் பிள்ளை தன் காலாலேயே ஏற வேண்டும்.

உச்சியை அடைந்த பின் வழிகாட்டியின் கடன் மாறுகிறது. எத்தனை முறை மலையேறினாரோ அத்தனை முறை மணியை அடிப்பது அங்குள்ள வழக்கமாதலால், முதன்முறை வந்த பிள்ளை ஒரே ஒரு முறை மணியடிக்கும். கிழக்கே கதிரவன் எழும்போது மேற்கே மலையின் நிழல் முக்கோணமாகப் படர்வதை அது பார்க்கும். தன்னருகே சிங்கள மூதாட்டி ஒருவர் சாது சொல்லித் தொழுவதையும், தன் தாய் சிவனே என்று கைகுவிப்பதையும் ஒருங்கே கேட்கும். இவற்றைக் கண்டு அது பரவசப்படலாம். குளிரும் உறக்கமும் மட்டுமே உணரப்படலாம். என்ன உணர்ந்தாய் என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாமலும் போகலாம். ஆன்மாவின் பக்குவத்துக்கேற்ப அருள் பதிவது மெதுவாகவும் விரைவாகவும் நிகழும் என்று சித்தாந்தம் சத்திநிபாதத்தை, அதாவது அருட்சத்தி உயிரில் பதிதலை, மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்காக வகுத்துள்ளது. அந்த அளவை அறியும் கருவி பெரியவரிடம் இல்லை. பக்திப் பரவசத்தைக் கட்டளையிட்டுக் கேட்பதும், ஒரு பிள்ளையின் உணர்ச்சியை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதும், காணும் உபகாரத்துக்குள் மனிதர் கைநீட்டுவதாகும்.

ஆகவே முயற்சிக்கும் அருளுக்கும் இடையிலான எல்லைக்கோடு இந்த யாத்திரையில் நடைமுறையாகவே துலங்குகிறது. நாள் குறிப்பது, உடம்பைப் பழக்குவது, உடுப்பும் உணவும் உறக்கமும் ஒழுங்குசெய்வது, பின்தங்குபவரின் வேகத்தில் நடப்பது, திரும்புவதற்கான வழியை மானக்கேடு இல்லாமல் திறந்துவைப்பது ஆகியவை பெரியவரின் பங்கு. அவற்றுள் ஒன்றையும் அவர் இறைவனிடம் தள்ளிவிடலாகாது. மலை தனக்கு என்னவாக இருந்தது என்பதைத் தன் காலத்தில், தன் சொல்லில் அறிந்துகொள்வது பிள்ளைக்கும் இறைவனுக்கும் இடையிலானது. அதில் ஒன்றையும் பெரியவர் தமக்கென எடுத்துக்கொள்ளலாகாது. பாதிவழியில் திரும்பிய ஒரு பிள்ளை அடுத்த பருவத்தில் தானாகவே மீண்டும் வர விரும்புமாயின், அந்த முதல் யாத்திரை முறையாக நடத்தப்பட்டது என்பதற்கு உச்சியை அடைந்தோரின் தொகையைவிட அதுவே உறுதியான சான்றாகும்.