வெளிச்சத்திற்கு வந்தவனை என்ன செய்தோம்?



நம் சபைகளில் யாரும் வாய்திறந்து பேசாத ஒரு காரியத்தை இந்த மாதம் ஜெபத்தோடு எழுதுகிறேன். ஒரு விசுவாசியோ ஊழியக்காரரோ, "எனக்குத் தன்பாலின ஈர்ப்பு உண்டு" என்று வெளிப்படையாகச் சொன்னால், சபை அவரை என்ன செய்ய வேண்டும்? "இதெல்லாம் வெள்ளைக்காரங்க சபைப் பிரச்சினை, நமக்கு எதுக்கு பாஸ்டர்?" என்று சிலர் கேட்கலாம். பிரியமானவர்களே, இது நம்முடைய பெந்தெகொஸ்தே வீட்டுக்குள்ளேயே நடந்த காரியம்.

ஒரே வருஷம், இரண்டு வாலிபர்

1906-ல் அசுசா தெருவில் எழுப்புதல் அக்கினி பற்றியெரிந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தை நமக்குத் தெரியும். அதே தெற்குக் கலிபோர்னியாவில் 1968-ம் வருஷம் இரண்டு வாலிபர்களைப் பார்க்கிறோம்.

ஒருவர் லோனி ஃபிரிஸ்பீ. நீளமுடி, தாடி வைத்த ஹிப்பி வாலிபன். சக் ஸ்மித் என்ற பாஸ்டர் அவரைக் கால்வரி சேப்பல் சபையில் சேர்த்துக்கொண்டார். போதைக்கு அடிமைப்பட்டிருந்த வாலிபர்கள் திரள் திரளாய் வந்து பசிபிக் கடலில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். 1980-ல் அன்னையர் தினத்தன்று ஜான் விம்பரின் சபையில் இவர் ஜெபித்தபோது வாலிபப் பிள்ளைகள் ஆவியின் வல்லமையில் தரையில் விழுந்தார்கள். வைன்யார்ட் சபைகளின் எழுப்புதலைப் பேசுகிறவர்கள் அந்த இரவை விடாமல் சொல்லுவார்கள். ஆனால் லோனிக்குள் ஒரு மறைவான போராட்டம் இருந்தது. அதைப் பாவமென்றே அவர் எண்ணினார். விவாகம் பண்ணினார், அது நிலைக்கவில்லை. காரியம் வெளியே தெரிந்தபோது ஊழியத்திலிருந்து ஒதுக்கப்பட்டார். பிறகு அந்த எழுப்புதலின் சாட்சியைச் சொன்னவர்கள் அவர் பெயரைக்கூட விட்டுவிட்டு, "ஒரு வாலிபன் வந்தான்" என்று மட்டும் சொன்னார்கள். 1993 மார்ச் 12-ம் தேதி எய்ட்ஸ் நோயினால் மரித்தார். வயது 43.

மற்றவர் டிராய் பெர்ரி. பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர். மனைவியும் இரண்டு ஆண்பிள்ளைகளும் உண்டு. இவருடைய நிலைமை தெரியவந்தபோது ஊழியம் போனது, குடும்பமும் பிரிந்தது. 1968-ல் தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார். அந்த அக்டோபர் 6-ம் தேதி தன் வீட்டிலேயே 12 பேரோடு ஆராதனை தொடங்கினார். இப்படிப்பட்டவர்களுக்கென்று பல தேசங்களில் பரவின மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சபைகள் அப்படித்தான் பிறந்தன. 1973 ஜூன் 24-ல் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில் ஒரு மதுக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டு 32 பேர் இறந்தார்கள். அந்தச் சபையின் உள்ளூர் போதகரும் விசுவாசிகள் பலரும் அதில் அடக்கம். இறந்தவர்களுக்காக ஒரு ஜெபக்கூட்டம் நடத்தக்கூட அங்கே பல ஆலயங்கள் கதவைத் திறக்கவில்லை.

திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் தேவன் ஏற்படுத்தினது, அதற்கு வெளியே உள்ள சரீர உறவு பாவம் என்பது நம் சபையின் உபதேசம். பெர்ரியின் போதனையை நாம் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 2009-ல் ஒரு பெரிய லுத்தரன் சபையும், 2024-ல் ஐக்கிய மெத்தடிஸ்ட் சபையும் இப்படிப்பட்டவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தன. அதையும் நாம் பின்பற்றவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மறைத்தவரை மேடையில் ஏற்றினோம். தெரியவந்தவுடன் இரண்டு பேரையும் தள்ளினோம். அப்படியானால் வாலிபர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்த பாடம் என்ன? "பொய் சொல்லு, பிழைச்சுக்குவே" என்பதுதானே?

அனனியாவின் பாவம் எது?

அப்போஸ்தலர் 5-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அனனியா விழுந்து செத்தது நிலத்தின் பணத்தில் கொஞ்சம் வைத்துக்கொண்டதற்காக அல்ல. அது அவன் கையில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்லுகிறார். பரிசுத்த ஆவியானவரிடத்தில் பொய் சொன்னதுதான் அவன் பாவம். எழுப்புதல் சபையில் முதல் மரணம் வேஷத்தினால் வந்தது! அப்படியிருக்க, அனனியாவைப்போல இருந்தால்தான் இங்கே இடம் என்று ஒரு சபை நடந்துகொண்டால், அந்த வேஷத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

"வெளிப்படையா இருக்க விட்டா மத்த பிள்ளைங்க கெட்டுப் போவாங்களே?" என்பார்கள். இங்கே மூன்று காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈர்ப்பு ஒன்று, செயல் ஒன்று, உபதேசம் ஒன்று. ஈர்ப்பை யாரும் கடையில் வாங்கி வருவதில்லை. செயலுக்கு நியாயத்தீர்ப்பு உண்டு, அது எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு. பரஸ்திரீயோடு பிடிபட்ட மூப்பரை ஆறு மாதம் உட்காரவைத்து மறுபடியும் மைக் கொடுக்கிறோம். எந்தச் செயலும் செய்யாமல், தன் போராட்டத்தைக் கண்ணீரோடு சொன்ன வாலிபனைப் பாடகர் குழுவிலிருந்து அன்றைக்கே நிறுத்துகிறோம். இது கர்த்தர் அருவருக்கிற கள்ளத்தராசு அல்லவா? 1 கொரிந்தியர் 6-ல் ஆண்புணர்ச்சிக்காரர் இருக்கிற அதே பட்டியலில் பொருளாசைக்காரரும், வெறியரும், பிறரைத் தூஷிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் நாம் ஏன் மெதுவா வாசிக்கிறோம்?

கல்யாணம் மருந்தல்ல

நம் ஊரில் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். "கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிடும்." லோனிக்கும் கல்யாணம் நடந்தது, பெர்ரிக்கும் நடந்தது. சரியாகவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் ஒரு விசுவாசியின் மகள். நகை போட்டு, ஜெபம் பண்ணி அனுப்பின பிள்ளை. "என்கிட்ட என்ன குறை?" என்று ராத்திரியெல்லாம் அழுகிறாள். அவளிடத்தில் உண்மையை மறைத்து, ஆசீர்வாத ஜெபமும் செய்தவர்கள் நாம்தானே!

இன்னொன்று, பிசாசைத் துரத்துகிறோம் என்று மாதக்கணக்கில் அடிப்பது, கட்டாய உபவாசம் போடுவது. அமெரிக்காவில் 1976 முதல் இந்த மாற்றத்துக்காகவே ஊழியம் செய்தது எக்ஸோடஸ் என்ற ஸ்தாபனம். அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று 2012-ல் ஒத்துக்கொண்டார். 2013-ல் மன்னிப்புக் கேட்டு ஊழியத்தையே மூடினார்கள். இப்படி மாற்றுகிறோம் என்று மருத்துவம் செய்யக்கூடாது என்று நம்முடைய சென்னை உயர்நீதிமன்றமும் 2021-ல் உத்தரவிட்டது. நம் தேவனுக்கு முடியாதது எதுவும் இல்லை என்று விசுவாசிக்கிறேன். ஆனால் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் மாம்சத்திலிருந்த முள் போகவில்லை, கிருபைதான் கிடைத்தது. "உமக்கு விசுவாசம் பத்தலை ஐயா" என்று பவுலை யாராவது சபையை விட்டு அனுப்பினார்களா?

சுமையைத் தொடாத விரல்

தனியாய் வாழ்ந்து பரிசுத்தத்தைக் காத்துக்கொள் என்று நாம் போதிக்கிறோம். சரி. மற்றப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவது "கல்யாணம் வரைக்கும் காத்திரு" என்பது. இவனுக்குச் சொல்லுவது "சாகிற வரைக்கும் காத்திரு" என்பது. எவ்வளவு பெரிய சுமை! பாரமான சுமையை மனுஷர் தோளில் வைத்துவிட்டு, தங்கள் விரலாலும் தொடாதவர்களை ஆண்டவர் மத்தேயு 23-ல் கண்டித்தார். அவன் கிறிஸ்மஸ் அன்று எந்த வீட்டில் சாப்பிடுவான்? காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி கொடுப்பார்கள்? வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்குப் பதில் இல்லாத சபைக்கு அந்த உபதேசத்தைச் சொல்ல அதிகாரம் உண்டா? ஏசாயா 56-ல் பிள்ளையில்லாத அண்ணகனுக்குத் தம்முடைய ஆலயத்துக்குள்ளேயே இடமும், குமாரர் குமாரத்திகளைப் பார்க்கிலும் மேலான ஒரு பெயரையும் கர்த்தர் வாக்குப்பண்ணுகிறார். தேவன் பெயர் கொடுக்கிறார். நாமோ லோனியின் பெயரை அழித்தோம்.

ஆகையால் பிரியமானவர்களே, யாராவது உங்களிடம் நம்பிச் சொன்னால் முதலாவது காது கொடுங்கள். அதை "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் பத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதிருங்கள். பெற்றோரே, பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தாதிருங்கள். அன்றைய ராத்திரி அவன் உயிர் உங்கள் வார்த்தையில் தொங்குகிறது. அவசரமாய்ப் பெண் பார்க்காதிருங்கள். மூப்பர்களே, ஊழியத்துக்கு ஒரே அளவுகோலை வையுங்கள்: பரிசுத்தமும் உண்மையும். அந்த அளவில் நிற்கிறவன், தன் போராட்டத்தை வெளியே சொன்னவன் என்பதற்காக மட்டும் மைக்கை இழக்க வேண்டியதில்லை. மறைத்து நிற்கிறவனைவிட அவனை நம்பி நான் ஆடுகளை ஒப்புவிப்பேன்.

எழுப்புதல் வேண்டும் என்று இரவு முழுவதும் கதறுகிறோம். எழுப்புதல் என்றால் வெளிச்சம் வருவது. வெளிச்சம் வந்தால் மறைந்திருந்தவர்களும் வெளியே வருவார்கள். அந்த நாளில் நம் கையில் கல் இருக்குமா, துடைக்கிற துண்டு இருக்குமா? உங்கள் இருதயத்தைக் கர்த்தருக்கு முன்பாக ஆராய்ந்து பாருங்கள். கர்த்தர் தாமே நம் சபைகளுக்குக் கிருபை தருவாராக. ஆமென். மாரநாதா!