யாரும் தொடாத சுவிச்

பகலில் வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் கணினி ஆலோசகனாக வேலை செய்கிறேன். இரவில், பிள்ளைகள் படுத்த பிறகு, பேஸ்மென்ற்றில் இருந்து விமானம் செய்கிறேன். கொம்பியூட்டருக்குள் பறக்கும் விமானம். மைக்ரோசொஃப்ற் பிளைற் சிமுலேற்றரை வாங்குபவருக்கு நிலம், கடல், முகில், காற்று எல்லாம் அதனோடேயே வரும். சில விமானங்களும் வரும். அவை அழகாக ஏறும், அழகாக இறங்கும். ஆனால் விமானி அறைக்குள் இருக்கும் சுவிச்சுகளில் பல வெறும் படம். அது போதாது என்று நினைக்கிறவர்களுக்காகச் சிறு குழுக்கள் தனியே விமானங்களைச் செய்து விற்கின்றன. அப்படியொரு குழுவில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். எட்டுப் பேர், ஐந்து நாடுகள். ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. நாங்கள் செய்தது போயிங் 737-800. அதில் என் பங்கு காற்று. எஞ்சினிலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்று, அதைக் குளிர வைப்பது, விமானத்துக்குள் அழுத்தத்தைப் பேணுவது.

"இதில அப்படி என்னதான் இருக்கு?" என்று மனைவி கேட்பா. அவவுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. விமானம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அறியும் கருவி, தரையில் அசையாமல் நிற்கும்போது பூமி சுழல்வதை உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு நேரம் எடுக்கும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட ஐந்து நிமிடம் போதும். வடக்கே போகப் போகக் கூடும். ஆகவே பலாலியில் நிறுத்திய 737, ரொறன்ரோவில் நிறுத்தியதைவிடக் கெதியாகத் தயாராகும். எங்களில் ஒருவர் இதை அப்படியே எழுதினார். பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழியும் வைத்தோம். எனக்குத் தெரிந்த பலர் அதைத் தொடுவதில்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்தக் காத்திருப்பைத்தான். எஞ்சினைத் தொடக்கும்போது உட்சுழலியின் வேகம் 25 வீதத்துக்கு வந்த பிறகு எரிபொருளைத் திறக்க வேண்டும். 56 வீதத்தில் ஸ்ராட்டர் விடுபட வேண்டும். வெப்பம் 725 பாகையைத் தாண்டக் கூடாது. 54 வீதத்திலேயே விடுபடுகிறது என்று யாராவது எழுதினால் எங்களில் ஒருவருக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

எல்லாமே பொய்தானே, பொய்க்கு எதற்கு இவ்வளவு நேர்மை என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் ஒரு விடை இருந்தது. செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்வது ஒரு சுகம், அவ்வளவுதான் என்றேன். இப்போது அந்த விடையில் எனக்குத் திருப்தி இல்லை.

விமானம் உயரத்தில் பறக்கும்போது வெளிக்காற்றை நம்பி மூச்சுவிட முடியாது. எஞ்சினிலிருந்து காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். வால் பக்கத்தில் இருக்கும் ஒரு வால்வு வேண்டிய அளவை வெளியே விடும். அந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் உள்ளே இருப்பவர்களின் மூச்சு இருக்கிறது. வழமையில் அதை ஒரு கருவி தானாகப் பார்த்துக்கொள்ளும். விமானிகளின் தலைக்கு மேலே உள்ள பலகையில் அதற்கொரு சுவிச் உண்டு. அதை ஓட்டோவில் வைத்தால் கருவி வேலை செய்யும். மனுவலில் வைத்தால் கருவி ஒதுங்கிக்கொள்ளும், விமானிதான் வால்வை அசைக்க வேண்டும், ஒரு பச்சை விளக்கு எரியும். வால்வு திறந்தபடி மனுவலில் ஏறினால் உள்ளே அழுத்தம் சேராது.

என் விமானத்தில் சேர்ந்தது. தொடக்க காலத்தில், மவுஸ் தவறுதலாகப் பட்டுச் சுவிச் மனுவலுக்குப் போய், ஏன் பயணிகள் எல்லோரும் மயங்குகிறார்கள் என்று முறைப்பாடுகள் வந்தன. தற்காலிகமாக நாலு வரி எழுதினேன். மனுவலில் விட்டு ஏறினாலும் வால்வு கள்ளமாக மூடிக்கொள்ளும். பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரியும்.

விற்பனைக்கு விடுவதற்கு ஒன்பது நாள் முன்பு எங்கள் பரிசோதகர் ஒருவர் அதைப் பிடித்தார். ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பவியலாளர், ஒரு வசனத்துக்கு மேல் எழுதாத மனுஷன். வால்வின் நிலையைக் காட்டும் முள் அசைவதைக் கண்டிருக்கிறார். "மனுவலில் வால்வு மூடுகிறது. மூடக் கூடாது" என்று ரிக்கெற் போட்டிருந்தார். யார் மனுவலில் விட்டு ஏறப் போகிறார்கள், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று எழுதி, முன்னுரிமை குறைவு என்று குறித்து மூடினேன். கீழே அவர் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்: "ஹீலியோஸ்."

அது என்னவென்று எனக்குத் தெரியும். இந்தத் துறையில் அழுத்தத்தைப் பற்றி எழுதும் எவனுக்கும் தெரியும். 2005 ஓகஸ்ட் 14 அன்று சைப்பிரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் 522. ஒரு 737-300. முந்திய இரவு பராமரிப்பாளர்கள் காற்றுக் கசிவைச் சோதிக்க அந்தச் சுவிச்சை மனுவலில் வைத்திருக்கிறார்கள். திரும்ப ஓட்டோவுக்கு மாற்றவில்லை. பறக்க முன்னும் பின்னும் செய்த சரிபார்ப்புகளில் விமானிகளின் கண்ணிலும் அது படவில்லை. ஏறும்போது எச்சரிக்கை ஹோர்ன் அடித்தது. அந்த விமானத்தில் அதே ஹோர்ன்தான் தரையில் நிற்கும்போது, புறப்பட எல்லாம் சரியாக வைக்கப்படவில்லை என்று சொல்லவும் அடிக்கும். விமானிகள் அதை அந்த ஹோர்ன் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு மயங்கினார்கள். ஓட்டுவார் இல்லாத விமானம் ஏதென்ஸ்வரை தானே பறந்து, வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 121 பேர்.

ஒரே சத்தம், இரண்டு அர்த்தம் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினொரு வயது. சத்தத்தை வைத்தே வருவது ஹெலியா, பொம்பரா, சகடை என்று ஊரில் பெயர் வைத்திருந்த அந்த மெதுவான விமானமா என்று எங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளையும் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டிய வேகம் வேறு. பிழையாகச் சொன்னவனுக்கு அடுத்த முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்தவன் விமானத்தை நேசிப்பது விசித்திரம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒழுங்கைதான். வந்தும் ரிக்கெற்றைத் திறக்கவில்லை.

எனக்கு நியாயங்கள் இருந்தன. எங்கள் உரிமப் பத்திரத்தில், இது பொழுதுபோக்குக்கு மட்டும், உண்மையான விமானப் பயிற்சிக்கு அல்ல என்று எழுதியிருக்கிறது. அலுவலகத்தில் எனக்குப் பழகிய வசனம்தான். ஒவ்வொரு மென்பொருளோடும் 'அறிந்த குறைகள்' என்று ஒரு பட்டியல் கொடுப்போம். பட்டியலில் இருந்தால் அது எங்கள் பிழை இல்லை, வாங்கியவர் பொறுப்பு. இந்தக் குறையை அந்தப் பட்டியலில்கூட நான் போடவில்லை என்பது வேறு கதை. உரிமப் பத்திரம் இருக்கும் அதே பக்கத்தின் மேலே, உண்மையான 737 விமானிகளே பாராட்டும் துல்லியம் என்று பெரிய எழுத்தில் நாங்களே போட்டிருக்கிறோம். மேலே நம்பு என்கிறோம், கீழே நம்பாதே என்கிறோம்.

அக்காவின் மகனுக்கு இருபத்தாறு வயது. வணிக விமானி உரிமம் எடுத்து, ஒரு நிறுவனத்தில் 737 பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தான். பயிற்சி தொடங்க முந்திய மூன்று மாதமும் என் விமானத்தில்தான் பழகினான். எந்தச் சுவிச்சுக்குப் பிறகு எது என்று கைக்கு வரும்வரை, என் பேஸ்மென்ற்றிலும் தன் அறையிலும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயிற்சி முடிந்த பிறகு ஒரு ஞாயிறு அக்கா வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் நல்லாப் போச்சுது மாமா. ஒண்டுதான் பிழைச்சது."

விடிய நாலு மணிக்குச் சிமுலேற்றர் வகுப்பு. பயிற்றுநர் அவனுக்குத் தெரியாமல் அந்தச் சுவிச்சை மனுவலில் வைத்திருக்கிறார். இவன் பலகையைச் சரிபார்த்திருக்கிறான். கை அந்த இடத்தைக் கடந்து போய்விட்டது. ஏறும்போது ஹோர்ன் அடித்தது. அதை உடனே சரியாக விளங்கி, முகமூடியைப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறான். முடிந்த பிறகு பயிற்றுநர் கேட்டாராம், உன் கை அந்தச் சுவிச்சில் நிற்கவே இல்லையே, அது அங்கே அலங்காரத்துக்கா இருக்கிறது என்று.

"உங்கட பிளேனில நூறு தரம் செய்த ஓட்டம்தானே மாமா. கை தன்பாட்டில போகுது" என்று சிரித்தான்.

"விடிய நாலு மணி. களைப்பா இருந்திருப்பாய்" என்றேன்.

அக்கா எனக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தா.

என் நாலு வரிதான் அவன் கையைக் கெடுத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. களைப்பும் உண்மையாக இருக்கலாம். ஹீலியோஸ் விமானிகள் என் விமானத்தில் பழகியவர்கள் அல்ல; அவர்களும்தான் தவறவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவன் ஒரு தரமாவது மனுவலில் விட்டு ஏறியிருக்கக்கூடும். ஏறியிருந்தால் என் விமானம் அவனுக்கு ஒன்றும் சொல்லியிராது. ஒன்றும் நடக்காத இடத்தில் கண் நிற்கப் பழகுவதில்லை.

சிமுலேற்றருடன் வரும் விமானத்தில் வெறும் படமாக இருக்கும் சுவிச்சை நான் இவ்வளவு காலமும் கேவலமாகத்தான் பார்த்தேன். அது அழுத்தினாலும் அசையாது. நான் செத்த சுவிச், என்னிடம் எதையும் படிக்காதே என்று சொல்லிவிடும். என்னுடைய சுவிச் அசைந்தது, சத்தம் போட்டது, பச்சை விளக்கும் எரிந்தது. பிள்ளைகள் விளையாடும் தாள்க்காசால் கடைக்காரரை ஏமாற்ற முடியாது. ஏமாற்றக்கூடியது நல்ல கள்ளநோட்டுத்தான், அதை நல்லதாக்குவது அதிலுள்ள உண்மையான பகுதிகள். 25, 56, 725 என்று நாங்கள் நித்திரை முழித்துச் சேர்த்த ஒவ்வொரு சரியான எண்ணும் என் வால்வின் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2001 நவம்பர் 12 அன்று நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் எயர்லைன்ஸ் 587, முன்னே போன விமானம் விட்டுச் சென்ற சுழல் காற்றில் குலுங்கியபோது, துணை விமானி சுக்கான் மிதியை மாறி மாறி வலுவாக மிதித்தார். நிமிர்ந்து நிற்கும் வால் முறிந்து போனது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். விசாரணையில் விமானத்தின் சுக்கான் அமைப்போடு, நிறுவனம் கொடுத்த பயிற்சியும் பேசப்பட்டது. அந்தப் பயிற்சியில் சுழல் காற்றுக்கு ஒரு பாடம். சிமுலேற்றர் விமானம் நன்றாகச் சரிந்தால்தானே நிமிர்த்தப் பழக்கலாம்? ஆகவே அது சரிந்து முடியும்வரை விமானியின் கட்டுப்பாடுகள் வேலை செய்யாதபடி வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலை. அங்கே இருந்த விமானி படித்திருக்கக்கூடியது, சுழல் காற்று அவ்வளவு பொல்லாதது, காலைப் பலமாகப் பாவிக்க வேண்டும் என்பது. 346 பேர் இறந்த இரண்டு 737 மக்ஸ் விபத்துகளுக்குப் பிறகும், 2019 மே மாதத்தில், மக்ஸ் சிமுலேற்றர்களின் மென்பொருளைத் திருத்தியதாகப் போயிங் அறிவித்தது. கையால் சுற்றும் ட்ரிம் சக்கரம் எவ்வளவு கனக்கும் என்பதை அவை சரியாகக் காட்டவில்லை. இவையெல்லாம் அரசாங்கங்கள் ஒப்புக்கொண்ட, ஒரு அறையை நிறைக்கும் இயந்திரங்கள். என்னுடையது மடிக்கணினியில் ஓடுவது. வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் 587இன் பாடத்தை எழுதியவரின் நாலு வரியும் என் நாலு வரியும் ஒரே காரணத்துக்காக எழுதப்பட்டவை. பாவிப்பவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

எல்லாவற்றையும் உள்ளபடி செய்ய எட்டுப் பேரால் முடியாது. எங்கள் விமானத்தில் இல்லாதவை நூற்றுக்கணக்கில் உண்டு, அவற்றுக்காக நான் வருந்துவதில்லை. இல்லாததை இல்லை என்று காட்டினால் போதும். அந்தச் சுவிச்சை நான் அசையாமல் விட்டிருந்தால் மருமகன் அதில் எதையும் பழகியிருக்க மாட்டான். மூன்றாம் நாள், மாமா இது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருப்பான்.

அந்த ஞாயிறு இரவு ரிக்கெற்றைத் திரும்பத் திறந்தேன். நாலு வரியை நீக்க நாலு நிமிடம் எடுக்கவில்லை. சோதிக்க இரண்டு கிழமை எடுத்தது. ஏனென்றால் வேறு மூன்று இடங்களில் அந்தப் பொய்யை நம்பி எழுதியிருந்தேன். புதிய பதிப்பின் குறிப்பில், இதற்கு முன் மனுவலில் வால்வு தவறாக மூடியது, இதை நாங்கள் அறிந்தே வெளியிட்டோம் என்று எழுதினேன். குழுத் தலைவர் இரண்டாவது பாதியை வெட்டச் சொன்னார். அரை மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் வெட்டப்படவில்லை, அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழைய தொழில்நுட்பவியலாளர் ரிக்கெற்றில் "சரி" என்று எழுதி மூடினார். அடுத்த கிழமையே முறைப்பாடு வந்தது. புதிய பதிப்பு பழுது, ஏறும்போது ஹோர்ன் அடிக்கிறது, பழைய பதிப்பைத் திருப்பித் தாருங்கள் என்று. தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள் என்று பதில் எழுதினேன்.

மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் இப்போது உண்மையான விமானத்தில், உண்மையான ஆட்களோடு பறக்கிறான். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இல்லை என்பது நான் எனக்குச் சொல்லும் சாட்டு. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்த இதழ் அக்கா வீட்டுக்குப் போகும். அக்கா அட்டை முதல் அட்டை வரை வாசிப்பா, வாசித்ததை அவனுக்குச் சொல்லுவா. இதழ் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வருகிற வியாழன் அவனுக்கு லீவு என்று அக்கா சொன்னா.