நெரிசலின் விலை

இரண்டு பொருள்களை ஒப்பிட்டு நோக்குதல் அறிவின் முதற்படி என்று நாம் மாணவர்க்குப் போதிக்கிறோம். ஆனால், எதனை அளவுகோலாகக் கொண்டு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி அறிவை மட்டும் சார்ந்ததன்று, அறத்தையும் சார்ந்தது. அளவுகோலைத் தெரிவுசெய்யும் அக்கணத்திலேயே, எது கணக்கில் எடுக்கத்தக்கது, எது கணக்கிலிருந்து தள்ளத்தக்கது என்ற தீர்ப்பையும் வழங்கிவிடுகிறோம். வழங்கியதை உணராமலே வழங்கிவிடுகிறோம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இதனை விளக்குவதற்கு, வாசகர் சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, லொஸ் ஏஞ்சல்ஸ் என்னும் பெருநகரில், கஞ்சாவை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்கள் பல இயங்குகின்றன. அவற்றுள் எது சிறந்தது என்று ஒப்பிட்டுரைக்கும் பட்டியல்களும் பல உண்டு. எத்தனை நிமிடத்தில் சரக்கு வந்து சேரும்? எத்தனை டொலருக்கு வாங்கினால் கொண்டுவரும் கூலி அறவிடப்படாது? எத்தனை வகைகள் உண்டு? முதன்முறை வாங்குவோருக்கு என்ன கழிவு? பட்டியலின் நிரல்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். பொட்டலத்தைக் கொண்டுவரும் மனிதனுக்கு அதில் ஒரு நிரல் இல்லை.

இவ்வணிகம் உருவான வரலாறு சுருக்கமானது. 1996 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் மூலம் நோயாளரின் உபயோகத்துக்குக் கஞ்சாவை அனுமதித்த முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியா. 2016 நவம்பரில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பு, 21 வயது நிரம்பிய எவரும் அதனை வாங்கலாம் என்றாக்கிற்று. 2018 ஜனவரி 1 முதல் அனுமதிப்பத்திரம் பெற்ற கடைகளில் விற்பனை தொடங்கியது. வீட்டு விநியோகத்துக்கெனக் கடுமையான விதிகள் உள்ளன: காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையே கொண்டுசெல்லலாம், பெறுபவரின் வயதை அத்தாட்சி பார்த்து உறுதிசெய்யவேண்டும், வாகனம் எங்கே நிற்கிறது என்பது எந்நேரமும் நிறுவனத்துக்குத் தெரியவேண்டும், மூடிய மோட்டார் வாகனத்திலே மனிதன் ஒருவனே கொண்டுசெல்லவேண்டும். துவிச்சக்கர வண்டிக்கு இடமில்லை. ஆளில்லா விமானத்துக்கும் இடமில்லை.

நிறுவனங்களின் முறைகளும் வேறுபடுகின்றன. சில, கடையில் விற்பதோடு சொந்தச் சாரதிகளை வைத்து வீடுகளுக்கும் அனுப்புகின்றன. சில, வாடிக்கையாளர் நுழைய முடியாத களஞ்சியங்களிலிருந்து விநியோகம் மட்டுமே செய்கின்றன. இன்னும் சில, கைத்தொலைபேசிச் செயலி மூலம் வாங்குவோரையும் கடையையும் இணைக்கும் இடையாட்கள். காலையிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் வாகனங்களும் உண்டு; அழைப்பு வந்ததும் கிட்டவுள்ள வாகனம் விரையும். இவற்றோடு அனுமதிப்பத்திரமே இன்றி, வரியும் செலுத்தாது, மலிவாக விற்போரும் இருக்கின்றனர்.

விரையும் என்றேன். ஆனால் எங்கே விரைவது? ஏறத்தாழ 470 சதுர மைல் நிலப்பரப்பில் விரிந்து கிடக்கும் அந்நகரம், மோட்டார் வாகனத்துக்காகவே வளர்க்கப்பட்ட நகரம். ஒரு காலத்தில் அப்பிரதேசமெங்கும் ஏறத்தாழ 1,000 மைல் நீளத் தண்டவாளங்களில் மின்சார வண்டிகள் ஓடின. அவற்றின் கடைசிப் பாதை 1961 இல் மூடப்பட்டது. நகரின் மேற்கே மலையிடுக்கினூடாகச் செல்லும் 405 ஆம் இலக்க நெடுஞ்சாலையை 100 கோடி டொலருக்கு மேல் செலவிட்டு அகலப்படுத்தினர், 2014 இல் வேலை முடிந்தது, நெரிசல் குறையவில்லை. பாதை அகன்றபோது வாகனங்களும் பெருகின. பொதுப் போக்குவரத்தைக் கைவிட்டுத் தனியுடைமை வாகனத்தை நம்பிய ஒரு சமுதாயம், தான் தேடிய வேகத்தையே இழந்து நிற்கிறது. அவ்வாறு நிற்கும்போது, வீட்டிலிருந்தே பொருளைப் பெறும் வசதியை நாடுகிறது. அதாவது, தான் நிற்க விரும்பாத நெரிசலில் தனக்காக வேறொருவனை நிறுத்துகிறது.

பட்டியல்கள் கேளாத கேள்வி இங்கேதான் எழுகின்றது. வீதியில் வீணாகும் நேரத்தின் விலையை யார் கொடுப்பது? நெரிசல் இயற்கையின் செயலன்று. ஆயினும் எந்த நிறுவனத்தாலும் அதனைக் கரைத்துவிட முடியாது. ஆகவே, "ஒரு மணி நேரத்தில் வரும்" என்ற வாக்குறுதி நெரிசலை ஒழிப்பதில்லை. அதன் சுமையை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றுகிறது. யாருடைய தோளுக்கு என்பதைத் தீர்மானிப்பது தொழில் உறவு.

கலிபோர்னியாவின் விதிப்படி, கஞ்சாவைக் கொண்டுசெல்லும் சாரதி அனுமதி பெற்ற கடையின் நேரடி ஊழியனாக இருத்தல் வேண்டும். ஊழியன் என்றால், வேலைநேரம் முழுவதற்கும் கூலி உண்டு. 405 ஆம் சாலையில் அசையாது நிற்கும் நேரத்துக்கும், வெறும் வண்டியுடன் திரும்பும் நேரத்துக்கும் கூலி உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவனைக் காக்கும். 20 ஊழியர்களை உடைய நிறுவனங்கள் தொழிற்சங்கத்துடன் சமாதான உடன்படிக்கை செய்யவேண்டும் என்றிருந்த நியதி, 2024 ஜூலை முதல் 10 ஊழியர்களை உடையவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது.

அதே சாலையில், பக்கத்து வாகனத்தில், சோற்றுப் பொதியைக் கொண்டுசெல்பவனின் நிலை என்ன? 2020 நவம்பரில், செயலி நிறுவனங்கள் 20 கோடி டொலருக்கு மேல் செலவிட்டுப் பிரசாரம் செய்து, 22 ஆம் இலக்கப் பிரேரணையை மக்கள் வாக்கால் நிறைவேற்றிக்கொண்டன. அதன்படி அவன் ஊழியனல்லன், "சுயாதீன ஒப்பந்தக்காரன்". பொதியை ஏற்ற கணத்திலிருந்து ஒப்படைக்கும் கணம்வரைக்குமே வருவாய் உத்தரவாதம். அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும், வெறுமனே திரும்பும் தூரமும் அவனுடைய நட்டம். மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் இந்த ஏற்பாடு செல்லுபடியாகும் என்றது.

ஒரே சாலை, ஒரே நெரிசல், ஒரே உழைப்பு. ஆயினும் போதைப் பொருளைச் சுமப்பவனுக்கு உள்ள உரிமை, உணவைச் சுமப்பவனுக்கு இல்லை! இந்த முரண்பாட்டைக் கண்டு, கஞ்சா வணிகர் கருணை மிக்கோர் என்று முடிவுகட்டுவது பேதைமை. அரசு அந்த விதியை வகுத்தபோது பொருளைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் முதன்மையான நோக்கமாயிருந்தது. பொட்டலம் வழிதவறாதிருக்க, அதைச் சுமப்பவனுக்கு ஒரு பொறுப்பாளி தேவைப்பட்டான். மனிதனுக்கு நேர்ந்த நன்மை பொட்டலத்தின் நிழலில் விளைந்தது. பண்டங்களுக்கிடையேயான உறவு மனிதரிடையேயான உறவை மறைத்துவிடுகிறது என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த "மூலதன"த்தின் முதல் அத்தியாயத்திலேயே ஆராய்ந்தார். இங்கே பண்டத்தைக் காக்க எழுந்த சட்டமே மனிதனையும் காக்கிறது. ஆனால், போராடிப் பெறாத உரிமை பாதுகாப்பற்ற உரிமை. பொருளின்மீதுள்ள அச்சம் தணிந்து, அதுவும் சோற்றுப் பொதி போலச் சாதாரணமாகிவிடும் நாளில் அந்த உரிமையைக் காக்கப்போவது எது? சாரதிகளின் ஒற்றுமையன்றி வேறொன்றுமில்லை.

"கஞ்சாவே தீயது, அதைச் சுமப்பவனுக்கு உரிமை பேசுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். கஞ்சா தீங்கற்றது என்று நான் வாதிடவில்லை. அது சிலரை அடிமைப்படுத்துகிறது. இளையோரின் மூளை வளர்ச்சிக்கு ஊறுசெய்யக்கூடியது. ஆனால், உழைப்பாளியின் உரிமை அவன் சுமக்கும் பொருளின் புனிதத்தைப் பொறுத்ததன்று. மதுச்சாலையில் பணிபுரிபவனும் மனிதனே. அன்றியும், பொருளின்மீது வெறுப்பைக் காட்டுகிறோம் என்று எண்ணி மனிதனைத் தண்டித்ததன் விளைவை அமெரிக்க வரலாறே காட்டியுள்ளது. கஞ்சாவைப் பாவிப்பதில் வெள்ளையருக்கும் கறுப்பருக்குமிடையே பெரிய வேறுபாடில்லை. எனினும், 2010 ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.73 மடங்கு அதிகமாக இருந்தது. நேற்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுசென்றவன் சிறை சென்றான். இன்று அதே வீதியில் அதைக் கொண்டுசெல்லும் நிறுவனத்துக்கு நட்சத்திரங்கள் இட்டுத் தரம் கணிக்கிறார்கள்.

இவ்வநீதியை மாநிலம் அறியாமலில்லை. பழைய தண்டனைப் பதிவேடுகளை அரசே மீளாய்வு செய்து நீக்கவோ குறைக்கவோ வேண்டுமென 2018 இல் சட்டம் இயற்றப்பட்டது. பழைய சட்டத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அனுமதிப்பத்திரத்தில் முன்னுரிமை வழங்கும் திட்டமொன்றையும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஏற்படுத்தியது. நல்ல நோக்கந்தான். ஆனால், முதல் இல்லாதவனுக்கு அனுமதிப்பத்திரத்தை மட்டும் கொடுத்தால் அவன் யாரிடம் போவான்? முதல் உள்ளவனிடமே போகவேண்டும். சிறையிலிருந்து மீண்டவன் கடனுக்குள் நுழைகிறான்.

இறுதியாக ஒன்று. பொருளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தல் தன்னளவில் இழிந்த செயலன்று. அதே மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மேரி ரத்பன் என்ற முதிய பெண்மணி, எயிட்ஸ் நோயால் வாடியோருக்குக் கஞ்சா கலந்த கேக்குத் துண்டுகளைத் தம் கையால் செய்து இலவசமாக வழங்கினார். பொது வைத்தியசாலையின் நோயாளர் விடுதியில் தொண்டராகவும் உழைத்தார். 1981 க்கும் 1992 க்கும் இடையில் மூன்று முறை கைதுசெய்யப்பட்டார். 1996 இன் வாக்கெடுப்புக்கு வழிவகுத்தவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய சேவையை எந்தப் பட்டியலில் வைத்து ஒப்பிடுவது? எத்தனை நிமிடத்தில் வந்தார் என்றா? படுக்கையிலிருந்து எழமுடியாத ஒருவருக்குக் கதவைத் தட்டும் ஓசை இன்றும் ஆறுதலாகவே இருக்கும். மருத்துவ உபயோகத்துக்கான வீட்டு விநியோகத்தை உள்ளூராட்சி நிர்வாகங்கள் தடுக்கலாகாது என்ற சட்டம் 2024 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்ததும் அதனாலேதான்.

ஆகவே ஒப்பிடவேண்டாம் என்று நான் கூறவில்லை; முழுமையாக ஒப்பிடுவோம் என்கிறேன். விலையை எழுதும் நிரலுக்குப் பக்கத்தில், அவ்விலை யாரால் செலுத்தப்படுகிறது என்றும் எழுதுவோம். வேகத்தை எழுதும் நிரலுக்குப் பக்கத்தில், அவ்வேகத்துக்காக வீதியில் நிற்பவன் என்ன பெறுகிறான் என்றும் எழுதுவோம். மலிவான பொருளின் மலிவு, பலவேளைகளில், நாம் காணாத ஒருவனின் காத்திருப்பிலிருந்து கழிக்கப்பட்டது. அவனைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு பொய்க் கணக்கு. அவனைச் சேர்த்துக் கணக்கிடக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை.