ரதம் எது?

மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார்: அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா? எதுவும் இல்லை. எல்லாம் கூடிய சேர்க்கைக்கு உலகம் வைத்த பெயரே ரதம்.

1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் பழைய 'சீரிஸ்' வண்டிகளை வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்கள் இதே கேள்வியைப் பட்டறையில் சந்திக்கிறார்கள். 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஓய்ந்துவிட்டால் எதைப் பொருத்துவது? பலரின் தேர்வு 200டிடிஐ டர்போ டீசல். பழைய எஞ்சினின் வழிவந்தது என்பதால் அசல் கியர்பாக்ஸோடு அதிகச் சிரமமின்றிப் பொருந்தும். அமெரிக்க வி8 என்றால் தனி இணைப்புத் தகடு வேண்டும். கூடுதல் முறுக்குவிசையில் பழைய கியர்பாக்ஸ் நொறுங்கும் அபாயமும் உண்டு.

பாகங்கள் மாறிய பின்னும் வண்டி அதேதானா என்பதற்கு பிரிட்டன் அரசு நெடுங்காலம் மதிப்பெண் போட்டது. சேஸிக்கு 5, கியர்பாக்ஸ் முதலான பரிமாற்ற அமைப்புக்கு 2, எஞ்சினுக்கு வெறும் 1. மற்ற பாகங்களையும் சேர்த்து எட்டு இருந்தால் பழைய பதிவெண் நிலைத்தது.

இதயம் போன்ற எஞ்சினுக்கு ஒன்றுதானா என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கு நியாயமானதே. நாகசேனர் சொன்ன சேர்க்கையில் எல்லா உறுப்புக்கும் ஒரே எடை இல்லை என்பதை அது சேர்த்துச் சொல்கிறது.

மதிப்பெண்ணில் அடங்காத ஒன்றும் உண்டு. ஆரம்பகால கியர்பாக்ஸில் முதல் இரண்டு கியர்களுக்கு, பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. கிளட்சை இருமுறை மிதித்துத்தான் கியரை இறக்க வேண்டும். புதிய ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினால் ஓட்டுநரின் காலும் கையும் கற்ற அந்தப் பழக்கமும் கழன்றுபோகிறது. எஞ்சினை மாற்றி, கியர்பாக்ஸை மட்டும் பழுதுபார்த்து வைத்துக்கொள்பவர்களின் தேர்வு அதனால்தான் ஆழமானது.